பதின்மூன்றாம் நாளுக்குப் பிறகு

(பாலக்காட்டில் நடந்த சபையின் காலாண்டுக் கூட்டத்தில் அங்கத்தினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

உபந்யாஸம் செய்யும் தகுதி எனக்கு இல்லை. முப்பத்து மூன்று வருஷம் பாங்கில் குப்பை கொட்டியவன். துக்கம் நேர்ந்த ஒரு ஏழைக் குடும்பத்துக்கு ஸகாயம் செய்கிறோம் என்று கிளம்புகிறோமே, அதில் எங்கே தப்பு செய்கிறோம் என்று என் அனுபவத்தில் தெரிந்ததை நாலு வார்த்தை சொல்லும்படி காரியதரிசி கேட்டுக்கொண்டார். தப்பு என்று எடுத்தால் பெரும்பாலும் என்னுடையதாகவே இருக்கும். அதனால் தயக்கமில்லாமல் சொல்லலாம்.

பாலக்காட்டிலிருந்து மூணாறு போகிறவர்களுக்கு ஒரு விசித்திரம் தெரிந்திருக்கும். கோபாலபுரம் தாண்டினால் தமிழ்நாடு. பொள்ளாச்சி, உடுமலை வழியாகச் சின்னார் செக்போஸ்ட் வந்தால் மறுபடியும் கேரளம். நம் மாநிலத்துக்குள் ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்குப் போக இரண்டு எல்லை தாண்ட வேண்டும். இரண்டு முனையிலும் தமிழ் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். சித்தூர் தாலுகாவில் விவசாயம் செய்கிறவர்கள், நெல்லியாம்பதியில் எஸ்டேட் வேலை செய்கிறவர்கள், தேவிகுளம், பீருமேடு தாலுகாக்களில் மூன்று நான்கு தலைமுறையாகத் தேயிலைக் கொழுந்து எடுக்கிறவர்கள். 1956 நவம்பர் 1-ஆம் தேதி எல்லை போட்டபோது அவர்களை யாரும் கேட்கவில்லை. நம்மையும் கேட்கவில்லை. ஆனால் நமக்குக் கிராமத்தில் ஒரு வீடு இருந்தது, பத்திரம் இருந்தது, வெளியூரில் உத்தியோகம் இருந்தது.

இங்கே இருப்பவர்களில் பலர் 2006-லும் 2018-லும் குறிஞ்சி பார்க்க ராஜமலைக்குப் போயிருப்பீர்கள். வரையாட்டோடு போட்டோ எடுத்துக்கொண்டிருப்பீர்கள். அந்தச் சாலையிலேயே இன்னும் கொஞ்ச தூரம் போனால் பெட்டிமுடி. இடமலைக்குடிக்குப் போகிற முதுவான் ஜனங்கள் அங்கிருந்துதான் காட்டுக்குள் இறங்குவார்கள். 2020 ஆகஸ்டு 6-ஆம் தேதி ராத்திரி பதினொரு மணி சுமாருக்கு அங்கே மலை இடிந்து நான்கு லயங்களின் மேல் விழுந்தது. அன்று ஒரே நாளில் 60 சென்டிமீட்டருக்கு மேல் மழை. கரண்ட் இல்லை, போன் இல்லை. விடிந்த பிறகுதான் வெளியுலகத்துக்கே தெரிந்தது. பெரியவாரையில் தற்காலிகப் பாலம் வெள்ளத்தில் போயிருந்ததால் ஆம்புலன்ஸும் தாமதம். இறந்தவர்கள் 70 பேர். 66 உடல்கள் கிடைத்தன, நான்கு பேர் கிடைக்கவேயில்லை. அநேகமாக எல்லாரும் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள். பலருக்குத் தூத்துக்குடி ஜில்லா கயத்தாறில் சொந்தபந்தம். அது கொரோனா சமயம், இ-பாஸ் காலம். அண்ணன் தம்பி செத்துக் கிடக்கிற இடத்துக்கு வருவதற்கும் அனுமதி வாங்க வேண்டியிருந்தது. ராஜமலையிலேயே கூட்டமாக அடக்கம் செய்தார்கள். குவி என்று ஒரு நாய், தான் விளையாடிய குழந்தையின் உடலைத் தேடிக் கண்டுபிடித்ததை எல்லாப் பேப்பரிலும் படித்திருப்பீர்கள்.

மறுநாள் 7-ஆம் தேதி கரிப்பூரில் விமானம் ஓடுபாதையைத் தாண்டி விழுந்தது. அங்கே இறந்தவர்களின் குடும்பத்துக்கு மாநில அரசு 10 லட்சம் என்றது. பெட்டிமுடிக்கு 5 லட்சம். அப்போது அது பெரிய சர்ச்சையானது. நான் அரசியல் பேச வரவில்லை. ஆனால் லயத்தில் இருப்பவன் அந்த இரண்டு எண்களையும் ஒரே நாள் பேப்பரில் பார்த்தால் அவனுக்கு என்ன தோன்றும் என்று அன்றைக்கு நினைத்துப் பார்த்தேன்.

நாமும் சும்மா இருக்கவில்லை. வாட்ஸ்ஆப்பில் செய்தி போட்டு நாலே நாளில் நல்ல தொகை சேர்ந்தது. மும்பையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் அனுப்பினார்கள். கம்பளி, அரிசி, புடவை என்று ஒரு வண்டி நிறைய ஏற்றினோம். மூணாறில் ஒத்தாசை செய்துகொண்டிருந்த ஒரு தொண்டரிடம் போனில் சொன்னேன். அவர் ரொம்ப மரியாதையாகத்தான் பதில் சொன்னார்: “சார், அரிசி வைக்க இங்கே இடமில்லை. கம்பளி ஆளுக்கு நாலு வந்தாச்சு. ரேஷன் கார்டு, ஆதார், பாஸ்புக் எல்லாம் மண்ணுக்குள்ள போயிடுச்சு. அதை எழுதிக் கேட்டு வாங்கித் தர யாராவது வருவீங்களா?” எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. வண்டி ஏற்கெனவே கிளம்பியிருந்தது.

போனை வைத்ததும் எனக்கு 1988 ஞாபகம் வந்தது. இதுவரை இதை வெளியில் சொன்னதில்லை.

1986-லிருந்து மூன்று வருஷம் ஹைரேஞ்சில் ஒரு கிளையில் இருந்தேன். பாங்கின் பெயர் வேண்டாம். சம்பள நாளில் எஸ்டேட் ஜனங்கள் கம்பளியும் குடையுமாக வந்து நிற்பார்கள். சேமிப்புக் கணக்கு ஆரம்பிக்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு, இலக்கு உண்டு. டெபாசிட்காரர் இறந்தால் பணம் யாருக்கு என்று வாரிசு நியமனம் எழுதும் வசதி 1985-ல்தான் வந்திருந்தது. அதற்குத் தனிப் படிவம். கைநாட்டு வைப்பவர் என்றால் இரண்டு சாட்சி. கூட்டத்தில் யார் அதையெல்லாம் செய்வது? “பின்னால் பார்த்துக்கலாம்” என்று நானே ஒதுக்கினேன். ஒன்றிரண்டு அல்ல, நூற்றுக்கணக்கில்.

1988 மழைக்காலத்தில் அப்படி ஒருவர் காய்ச்சலில் போய்விட்டார். கணக்கில் 1,140 ரூபாய் இருந்தது. அவர் சம்சாரம் பாஸ்புக்கை மஞ்சள் பையில் சுற்றிக்கொண்டு வந்தாள். நியமனம் இல்லை, ஆகவே வாரிசுச் சான்றிதழ் வேண்டும். இல்லாவிட்டால் இன்டெம்னிட்டி பத்திரம், அதற்குச் சொத்துள்ள இரண்டு ஜாமீன்தார்கள். விதி அப்படி. அந்த அம்மாள் என்னைப் பார்த்துக் கேட்டாள்: “சொத்துன்னா என்ன சார்?”

கேலியாகக் கேட்கவில்லை. லயத்தில் முப்பது வீடு இருந்தால் முப்பதிலும் ஒருவருக்கும் ஒரு சென்ட் நிலம் கிடையாது. எல்லாம் கம்பெனியுடையது. ஜாமீன் போட ஆள் இல்லை. தேவிகுளம் தாலுகா ஆபீஸுக்கு ஒரு தரம் போனால் பஸ் சார்ஜ் தவிர ஒரு நாள் மஸ்டரும் போச்சு. ஐந்து தடவை நடந்தாள். கடைசியில் எஸ்டேட் ஆபீஸ் ஹெட்கிளார்க், நம்மவர்தான், கொல்லங்கோட்டுப் பக்கம் பூர்வீகம், அவரும் ஒரு மளிகைக்கடைக்காரரும் ஜாமீன் போட்டார்கள். பணம் கைக்கு வந்தபோது காரியத்துக்கு வாங்கிய கடனும் வட்டியுமாகச் சேர்ந்து அதைவிடக் கூடுதலாகியிருந்தது.

பணம் கொடுத்த அன்று ஹெட்கிளார்க்கோடு நானும் அவள் லயத்துக்குப் போனேன். ஒரு அறை, ஒரு அடுக்களை, வெளியே திண்ணை மாதிரி ஒரு மேடை. கட்டன் சாயா போட்டுக் கொண்டுவந்தாள். நான் “வேண்டாம்மா, இப்பத்தான் குடிச்சேன்” என்றேன். குடித்திருக்கவில்லை. ஏன் வேண்டாம் என்றேன் என்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அவளுக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. டம்ளரைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனாள்.

எஸ்டேட்டில் ஒரு சாவு என்றால் என்ன அர்த்தம் என்பது அந்த வருஷம்தான் எனக்குப் புரிந்தது. நமக்கு வீட்டில் ஒருவர் போனால் மனுஷர் போகிறார், வருமானம் போகிறது. வீடு நிற்கிறது. அங்கே வீடு வேலையோடு ஒட்டியது. வேலை செய்கிறவர் ஓய்வு பெற்றாலோ இறந்தாலோ, அந்தக் குடும்பத்தில் வேறு யார் பெயராவது மஸ்டரில் இருந்தால்தான் லயத்தில் இருக்க முடியும். அதனால் துக்கம் நடந்த வீட்டில் அழுகையோடு கூடவே இன்னொரு கேள்வியும் எழும், யார் மலை ஏறப்போவது என்று. படித்துக்கொண்டிருக்கும் பையன் படிப்பை நிறுத்துவது அப்போதுதான். இந்த அம்மாளுக்கு ஏற்கெனவே கொழுந்து எடுக்கும் வேலை இருந்ததால் லயம் தப்பியது. பையனை ஒன்பதாவது வரை படிக்கவைத்தாள். பிறகு அவனும் எஸ்டேட்டுக்கே வந்தான்.

2015 செப்டம்பரில் மூணாறு பெண்கள் யூனியன் தலைவர்களை ஒதுக்கிவிட்டுத் தாங்களே ரோட்டில் உட்கார்ந்தார்களே, பெண்கள் ஒற்றுமை என்று, அப்போது தினக்கூலி 232 ரூபாய். அடுத்த மாதம் 301 ஆயிற்று. டிவியில் அந்தக் கூட்டத்தைப் பார்க்கும்போதெல்லாம் அவள் முகத்தைத் தேடினேன். அதற்கு முன்பே ஓய்வு பெற்றிருப்பாள் என்பது அப்புறம்தான் உறைத்தது.

2022 ஜூனில் போன் வந்தது. என் நம்பரை ஹெட்கிளார்க்கின் பிள்ளையிடமிருந்து வாங்கியிருக்கிறாள். “பேங்க் சாமிங்களா?” என்றாள். குரல் அடையாளம் தெரியவில்லை. மகன் வேலைக்குப் போன இடத்தில் மார்வலி என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. 43 வயசு. மருமகள், பிளஸ் டூ படிக்கும் பெண், ஏழாவது படிக்கும் பையன். “அன்னிக்கி மாதிரி ஆகிடக் கூடாது சாமி” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். முப்பத்து நாலு வருஷம் கழித்து அவள் அதை ஞாபகம் வைத்திருந்தாள்.

நாங்கள் நாலு பேர் உட்கார்ந்து யோசித்தோம். நான், ஓய்வு பெற்ற ஒரு ஹெட்மிஸ்ட்ரஸ் மாமி, கோயம்புத்தூரில் இருக்கும் ஒரு ஆடிட்டர், மும்பையில் இருக்கும் ஒரு நண்பர். எவ்வளவு கொடுப்பது என்று நான் ஆரம்பித்தேன். மாமிதான் நிறுத்தினார். “பணத்தை அப்புறம் பார்க்கலாம். எத்தனை நாள் கூட இருக்கப்போறோம், அதைச் சொல்லுங்கோ” என்றார். பிறகு அவர் சொன்னதைத்தான் இந்த உரையின் விஷயமாக எடுத்துக்கொண்டேன். நம்மில் ஒருவர் போனால் பதின்மூன்றாம் நாள் சுபஸ்வீகாரம் முடிந்து பந்துக்கள் எல்லாம் ரயில் ஏறிவிடுவார்கள். ஆனால் சாஸ்திரம் அதோடு விடுவதில்லை. மாசிகம் பன்னிரண்டு. நடுவில் ஊனமாசிகம், த்ரைபக்ஷிகம், ஊனஷாண்மாசிகம், ஊனாப்திகம் என்று நாலு. ஆகப் பதினாறு தடவை அந்த வீட்டுக் கதவை யாராவது தட்டியாக வேண்டும் என்று விதித்திருக்கிறது. இறந்தவருக்காகத்தான் அது, சந்தேகமில்லை. ஆனால் அந்தச் சாக்கில் வாத்தியாராவது வருகிறார், சொந்தக்காரர் ஒருவராவது வருகிறார், வீட்டில் அடுப்பு எரிகிறது. அதே கணக்கில் நாம் அந்தக் குடும்பத்துக்குப் பதினாறு தடவை போவோம் அல்லது பேசுவோம் என்றார் மாமி. காலண்டரில் குறித்துக்கொடுத்தது எங்கள் வாத்தியார்தான். அவர் ஆட்சேபம் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாவது தடவை எங்களோடு அவரும் காரில் ஏறிக்கொண்டார்.

முதலில் மரணச் சான்றிதழ். 21 நாளுக்குள் பதிந்துவிட்டால் செலவில்லை, தாமதக் கட்டணமும் இல்லை. பதிந்திருந்தார்கள். ஆனால் பெயர் சரியில்லை. இறந்தவர் பெயர் பழனி என்று ஆரம்பிக்கும். தமிழில் ‘பழனி’, பஞ்சாயத்து ரிஜிஸ்டரில் மலையாளத்தில் ‘பளனி’. ஆதாரில் ஆங்கிலத்தில் ‘எல்’ போட்டு, பிஎஃப் கணக்கில் ‘இசட் எச்’ போட்டு. பள்ளிச் சான்றிதழில் அப்பா பெயர் முன்னால், மற்றதில் பின்னால். நாலு காகிதத்தில் நாலு மனுஷர்கள். நம் வீடுகளில் சுப்ரமணியன் என்ற பெயரை எத்தனை விதமாக எழுதுகிறோம் என்று பார்த்தால் இது புரியும். இதைச் சரிசெய்யவே ஊனமாசிகமும் த்ரைபக்ஷிகமும் போய்விட்டன.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். படிவங்கள் மலையாளத்தில். குடும்பம் தமிழ் படித்தது. பிஎஃப் ஆபீஸிலிருந்து வரும் கடிதம் ஆங்கிலத்தில். வில்லேஜ் ஆபீஸில் ஒரு மொழி, லயத்தில் ஒரு மொழி, கம்ப்யூட்டரில் ஒரு மொழி. கேரளத்தில் 1969 ஆட்சிமொழிச் சட்டப்படி தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுக்குத் தமிழிலேயே எழுதலாம், தமிழிலேயே பதில் பெறலாம். அந்த அம்மாளுக்கு அது தெரியாது. வில்லேஜ் ஆபீஸில் முதல் நாள் இருந்தவருக்கும் தெரியவில்லை. வீட்டில் தமிழும் பள்ளிக்கூடத்தில் மலையாளமும் உத்தியோகத்தில் ஆங்கிலமும் என்று வளர்ந்த நம்மைப் போன்றவர்களுக்கு இந்த மூன்றையும் கலந்து ஒரு விண்ணப்பம் எழுதுவது ஒரு மணி நேர வேலை. கம்பளி யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம். இது நம்மிடம் இருக்கிறது. இத்தனை வருஷம் நான் அதை ஒரு சொத்தாகவே நினைத்ததில்லை.

என்னென்ன வர வேண்டும் என்று ஆடிட்டர் பட்டியல் போட்டார். வருங்கால வைப்பு நிதித் தொகை. கிராஜுவிட்டி, இறந்துபோனால் அதற்கு ஐந்து வருஷ சர்வீஸ் என்ற நிபந்தனை கிடையாது. 1995 திட்டப்படி மனைவிக்கு ஓய்வூதியம், இரண்டு குழந்தைகளுக்கு 25 வயசு வரை தனியாக. 2014-ல் நிர்ணயித்த குறைந்தபட்சம் மனைவிக்கு மாதம் 1,000, குழந்தைக்கு 250. சிறிய தொகைதான், ஆனால் மாதா மாதம் வரும். பிஎஃப்போடு சேர்ந்த இன்ஷூரன்ஸ் ஒன்று இருக்கிறது, பலருக்குத் தெரியாது. பணியில் இருக்கும்போதே இறந்தால் 2021-ல் திருத்திய விதிப்படி குறைந்தது இரண்டரை லட்சம், அதிகபட்சம் ஏழு லட்சம். கேட்காதவர்களுக்கு யாரும் வீடு தேடி வந்து சொல்வதில்லை.

இன்னொன்றை மும்பை நண்பர் கண்டுபிடித்தார். பாஸ்புக்கை வரிவரியாகப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னார். வருஷத்துக்கு ஒரு முறை 330 ரூபாய் கழிந்திருந்தது, கடைசியாக 436. பிரதம மந்திரி ஜீவன் ஜோதி பீமா. 2022 ஜூனிலிருந்து பிரீமியம் 436. இறந்தால் இரண்டு லட்சம். பாங்கில் எப்போதோ கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள், அவர் வீட்டில் சொல்லவேயில்லை. உங்கள் வீட்டில் வேலை செய்கிறவர்கள் பாஸ்புக்கை ஒரு தரம் வாங்கிப் பாருங்கள். உங்கள் பாஸ்புக்கையும்தான். வாரிசு நியமனம் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். 2025 நவம்பர் முதல் நாலு பேர் வரை எழுதலாம். இதை நான் சொல்லும்போது ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்று இப்போது தெரிந்திருக்கும்.

மருமகள் தற்காலிகமாகத்தான் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது மாதம் நிரந்தரப் பட்டியலில் பெயர் ஏறியது, லயம் தங்கியது. நிர்வாகம் தாமதம் செய்யவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும்.

ஐந்தாவது மாதம் போனபோது கிழவி சொன்னாள்: “கருமாதி அன்னிக்கி நிக்க எடமில்லாத கூட்டம் சாமி. அதுக்கப்புறம் ஒரு ஈ காக்கா வரல. நீங்க வர்ற தேதிய இந்தப் பொண்ணு செவுத்துல கோடு போட்டு வச்சிருக்கா.” அவர்களுக்குப் பதினாறாம் நாள் கருமாதி. நமக்குப் பதின்மூன்று. அந்த வித்தியாசம் மூன்று நாள்தான்.

அன்று சாயா வந்தது. இரண்டு தடவை வாங்கிக் குடித்தேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. 1988-ஐ அவள் மறந்திருக்கலாம், மறக்காமலும் இருக்கலாம்.

இதற்குள் நாங்கள் செய்த ஒரு அசட்டுத்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். இன்ஷூரன்ஸ் பணம் வந்தவுடன் நானும் ஆடிட்டரும் மருமகளை உட்காரவைத்துப் பிரசங்கம் செய்தோம். முழுவதையும் வைப்பு நிதியில் போடு, தொடாதே, பெண் கல்யாணம், பையன் படிப்பு என்று. அவள் தலையாட்டினாள். அடுத்த தடவை போனால் முக்கால் லட்சத்தை எடுத்துவிட்டிருக்கிறாள். எனக்குக் கோபம். “என்னம்மா இப்படிப் பண்ணிட்டே?” என்றேன். அவள் ஒரு நோட்டைக் கொண்டுவந்து காட்டினாள். காரியச் செலவுக்கு வாங்கிய கடன், குழுக் கடன், அடகு வைத்த தோடு. “இதுக்கு நூத்துக்கு ரெண்டு வட்டி சார், மாசத்துக்கு. பேங்குல வருசத்துக்கு எவ்வளவு தருவாங்க?” முப்பத்து மூன்று வருஷ பாங்க் ஆபீஸர் வாயை மூடிக்கொண்டு தோட்டைப் பார்த்தேன். அவள் கணக்குதான் சரி. அவள் வீட்டு வரவுசெலவைக் கேட்காமலே நாங்கள் யோசனை சொல்லியிருந்தோம்.

ஊனஷாண்மாசிகம் வந்த சமயம் பெண்ணின் ஜாதிச் சான்றிதழ் பிரச்சினை. பட்டியல் சமூகம். ஆனால் 1950 ஆகஸ்டு 10-ஆம் தேதிக்கு முன்பே முன்னோர் இந்த மாநிலத்தில் நிரந்தரமாகக் குடியிருந்ததற்கு ஆதாரம் காட்ட வேண்டும். நிலம் இல்லாதவனுக்குக் கரம் கட்டிய ரசீது எங்கிருந்து வரும்? அங்கே தமிழ்நாட்டில் கேட்டால் நீங்கள் கேரளம் என்பார்கள். தாலுகா ஆபீஸ் படி ஏறி இறங்கும் பல நூறு குடும்பங்களின் கதை இது. கொள்ளுத்தாத்தா போடி வழியாக மலையேறி வந்தவர். குண்டளைப் பள்ளத்தாக்கில் ஓடிய சின்ன ரயிலை 1924 வெள்ளம், நம் பாட்டிகள் சொல்வார்களே 99-ல் வெள்ளம், அது அடித்துக்கொண்டு போன பிறகு கொஞ்ச காலத்தில் வந்ததாக வீட்டில் பேச்சு. பேச்சை ஆபீஸில் ஒப்புக்கொள்வார்களா? ஹெட்மிஸ்ட்ரஸ் மாமிக்குத்தான் தோன்றியது, பழைய எஸ்டேட் பள்ளிக்கூடத்தின் அட்மிஷன் ரிஜிஸ்டரைத் தேடலாம் என்று. மூன்று நாள் தூசிக்குள் உட்கார்ந்து, அந்தப் பெண்ணின் தாத்தா 1947-ல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பதிவைக் கண்டுபிடித்தார். அன்று மாமி போனில் கத்திய கத்தல் இன்னும் என் காதில் இருக்கிறது.

நம் சபையிலேயே ஒரு பெரியவர் என்னைக் கேட்டார்: “நம்ம சமையல்காராளும் வைதீகாளும் கஷ்டப்படறா. அவாளுக்குச் செய்யாம மலைமேல என்ன வேலை?” நியாயமான கேள்வி. கோபப்பட ஒன்றுமில்லை. அவர் கேட்ட பிறகுதான் எங்கள் தெருவிலேயே ஒரு சமையல்காரர் காலமான வீட்டுக்குப் போனோம். அதே பட்டியலை எடுத்துக்கொண்டு போனோம். பிஎஃப்? கிடையாது. கிராஜுவிட்டி? கிடையாது. இன்ஷூரன்ஸ்? கிடையாது. நாற்பது வருஷம் கல்யாணங்களுக்குச் சமைத்தவர், ஒரு இடத்திலும் பெயர் பதியவில்லை. லயத்து வீட்டில் பெயர் தப்பாக இருந்தது, அக்கிரகாரத்து வீட்டில் பெயரே இல்லை. அவர் சமைத்துச் சாப்பிட்டவர்கள் நாம்தான், கான்ட்ராக்டரிடம் கணக்குக் கேட்காதவர்களும் நாம்தான். அந்த மாமிக்கு அரசு விதவை ஓய்வூதியத்துக்கு எழுதிப்போட்டோம், வந்துகொண்டிருக்கிறது. மலையில் கற்றுக்கொண்டதால்தான் தெருவில் செய்ய முடிந்தது என்று அந்தப் பெரியவரிடம் சொன்னேன். அவர் இப்போது எங்கள் குழுவில் ஐந்தாவது ஆள்.

பெட்டிமுடியில் தப்பியவர்களில் எட்டுக் குடும்பங்களுக்கு 2021-ல் குற்றியாறுவாலியில் அரசு நிலம் கொடுத்து, கம்பெனி வீடு கட்டிக் கொடுத்தது. 2024 ஜூலை 30-ல் வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலைப் பக்கம் மலை சரிந்து இருநூற்றைம்பதுக்கு மேற்பட்டோர் போனபோது உலகமே உதவிக்கு வந்தது. வரத்தான் வேண்டும். ஆனால் தனியாக ஒருவர் மார்வலியில் போகும் வீட்டுக்கு டிவி வராது. ஒரு வருஷத்தில் எத்தனை லயத்தில் அப்படி நடக்கிறது என்று யாரும் எண்ணுவதில்லை.

2023 ஜூனில் வருஷாப்திகக் கணக்குக்கு நாங்கள் எல்லோரும் போனோம். மும்பை நண்பரும் வந்தார், அதுவரை குரல் மட்டும்தான். சுவரில் பதினாறு கோடு இருந்தது. பெண் நர்சிங் சேர்ந்து இப்போது முடிக்கிற தறுவாயில் இருக்கிறாள். போன விடுமுறையில் பக்கத்து லயத்தில் ஒரு சாவு. பிஎஃப் படிவத்தை அவளே மலையாளத்தில் பூர்த்தி செய்து, பெயர் எழுத்து எல்லாக் காகிதத்திலும் ஒன்றுபோல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ஒரே ஒரு சந்தேகம் கேட்க எனக்குப் போன் செய்தாள். எனக்கும் தெரியவில்லை. ஆடிட்டரைக் கேட்டுச் சொன்னேன்.

இப்போது எங்களிடம் மூன்று வீடுகள் இருக்கின்றன. ஒன்று நெல்லியாம்பதியில், ஒன்று வண்டிப்பெரியாறுப் பக்கம், ஒன்று இங்கே நம் கிராமத்திலேயே. மலையாளம் வாசிக்கத் தெரிந்தவர் ஒருவர் தேவை. வெளியூரில் இருப்பவர்களானால், மாதம் ஒரு தரம் போனில் பேசவும் வாரத்தில் ஒரு மணி நேரம் ஆன்லைனில் படிவம் பார்க்கவும் முடிந்த இரண்டு பேர் தேவை. காரியதரிசியிடம் ஒரு நோட்டு இருக்கிறது. பெயர் எழுதுகிறவர்கள் தயவுசெய்து ஒரே மாதிரி எழுத்தில் எழுதுங்கள். நெல்லியாம்பதி வீட்டுக்கு வருகிற புதன்கிழமை த்ரைபக்ஷிகக் கணக்கு. காலை ஆறரைக்கு வண்டி. இரண்டு இடம் காலியாக இருக்கிறது.